கூடு விட்டுக் கூடு பாயும் நிரல்கள்

தாளில் அச்சிடப்பட்ட கீர்த்தனை ஒன்று. அதே கீர்த்தனையை ஒரு பாடகர் மேடையில் பாடிக்கொண்டிருப்பது வேறொன்று. முன்னதை நகலெடுக்கலாம், தபாலில் அனுப்பலாம், அலமாரியில் நூறாண்டு வைத்திருக்கலாம். பின்னதை நிரவலின் நடுவில், மிருதங்கக்காரரின் விரல் தோலைத் தொடவிருக்கும் கணத்தில் நிறுத்தி, இன்னோர் ஊரின் இன்னோர் அரங்கில் அதே தாளத்தின் அதே அட்சரத்திலிருந்து தொடரச் செய்ய முடியுமா? அதுவும், கேட்டுக்கொண்டிருப்பவர்களில் ஒருவரும் இடைவெளியை உணராதபடி?

கணினித் துறையில் இதே கேள்வியை அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டு வந்திருக்கிறார்கள். வட்டில் கிடக்கும் நிரல், அச்சிட்ட கீர்த்தனை. ஓடிக்கொண்டிருக்கும் நிரல், கச்சேரி. ஓடும் நிரலை நடுவழியில் உறையவைத்து, கோப்பாகச் சேமித்து, பிறகு அதே இயந்திரத்திலோ வேறொன்றிலோ விட்ட இடத்திலிருந்து எழுப்புவதற்கு ஆங்கிலத்தில் செக்பாயிண்ட் – ரீஸ்டோர் என்று பெயர். நம் கதைகளில் சித்தர்கள் செய்யும் கூடு விட்டுக் கூடு பாய்தலுக்கு மிக நெருங்கிய பொறியியல் இதுவாகத்தான் இருக்கும். இதன் வரலாற்றில் பெரும் உழைப்பு ஒன்று நிராகரிக்கப்பட்டது. அதன்பின், எவருக்கும் முழு நம்பிக்கையில்லாத ஒரு சிறு முயற்சி வென்றது. இவை இரண்டுக்கும் இடையிலிருந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்வதே இக்கட்டுரையில் நம் நோக்கம்.

தேவை எளிமையானது. பத்து நாள் ஓடவேண்டிய ஒரு கணக்கீடு ஒன்பதாம் நாள் மின்சாரம் போனதால் அழிந்தால், ஒன்பது நாளும் வீண். பழுதுபார்க்க ஓர் இயந்திரத்தை நிறுத்த வேண்டுமானால், அதில் ஓடும் பணிகளை எங்கே வைப்பது? இவ்விரண்டு கவலைகளும் கணினி பிறந்த காலத்திலிருந்தே இருந்தவை.

1961இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவும் அவருடைய குழுவினரும் சிடிஎஸ்எஸ் என்ற இயங்குதளத்தைச் செய்துகாட்டினார்கள். ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்த வழிசெய்த முன்னோடி அது. அதில் ‘சேவ்’ என்றொரு கட்டளை இருந்தது; ஓடிக்கொண்டிருந்த நிரலின் நினைவகத்தை ஒரு கோப்பாக எழுதிவைக்கும். ‘ரெஸ்யூம்’ என்ற கட்டளை அதைத் திரும்ப ஏற்றி ஓடச்செய்யும். ஐபிஎம் 7094 கணினியில் ஒரு பயனருக்குக் கிடைத்த நினைவகம் அதிகபட்சம் 32,768 சொற்கள், ஒவ்வொன்றும் 36 பிட்; இன்றைய கணக்கில் ஒன்றரை லட்சம் பைட்டுக்கும் குறைவு. அந்த நினைவகத்தையும் சில பதிவேடுகளின் மதிப்புகளையும் எழுதிவைத்தால் நிரலின் ‘தான்’ ஏறக்குறைய முழுதாகப் பிடிபட்டுவிடும். பத்தாண்டின் பிற்பகுதியில் ஐபிஎம்மின் ஓஎஸ்/360 இயங்குதளமும் செக்பாயிண்ட் வசதியை அளித்தது. எந்தக் கட்டத்தில் நிலையைப் பதிவுசெய்வது என்பதை நிரல் எழுதுபவரே குறித்துவைக்க வேண்டும். வேலை முறிந்தால், கடைசியாகக் குறித்த இடத்திலிருந்து அது மீண்டும் தொடங்கும்.

இந்த எளிமை நீடிக்கவில்லை. யூனிக்ஸ் போன்ற இயங்குதளங்களில் நிரல் தனித்தீவாக வாழ்வதில்லை. அதற்கு ஓர் எண் உண்டு; பெற்றோர் உண்டு; அது பிறப்பித்த குழந்தைகள் உண்டு. திறந்துவைத்த கோப்புகள், பிற நிரல்களோடு பேசும் குழாய்கள், தொலைவிலிருக்கும் இயந்திரத்தோடு கொண்டுள்ள வலையிணைப்பு என எத்தனையோ உறவுகள். இவற்றின் விவரங்களில் பெரும்பகுதி நிரலின் நினைவகத்திலேயே இருப்பதில்லை. வன்பொருளுக்கும் நிரல்களுக்கும் இடையில் நின்று எல்லாவற்றையும் பங்கிட்டுத் தரும் மையப் பகுதியான கெர்னலின் பேரேடுகளில் இருக்கின்றன. நிரலின் கையில் இருப்பது ‘மூன்றாம் எண் கோப்பு’ என்ற சீட்டு மட்டுமே. அந்த மூன்று எதைக் குறிக்கிறது, அதில் எத்தனையாவது பைட் வரை படித்தாயிற்று என்பதெல்லாம் கெர்னலுக்குத்தான் தெரியும். எனவே நினைவகத்தைப் படமெடுத்தால் நிரலைப் பிடித்துவிட்டதாக ஆகாது. அதன் உறவுகள் வெளியே நின்றுவிடும்.

கெர்னலைத் தொடாமலே இதைச் சமாளிக்க முயன்றவர்களுள் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் காண்டார் குழுவினர் முக்கியமானவர்கள். 1988இல் வெளியான அவர்களுடைய ஆய்வுரை காண்டாரை, சும்மா கிடக்கும் கணினிகளைத் தேடிப்பிடிக்கும் வேட்டைக்காரன் என்று வர்ணித்தது. பேராசிரியர் ஒருவர் இரவு வீட்டுக்குப் போனதும் அவர் மேசையிலுள்ள கணினியில் வேறொருவரின் கணக்கீடு விருந்தாளியாக வந்து உட்காரும். காலையில் அவர் வந்து விசைப்பலகையைத் தொட்டால் விருந்தாளி வெளியேற வேண்டும். அதுவரை செய்த வேலையைத் தொலைக்காமல் வெளியேற வேண்டும். காண்டார் அந்த நிரலின் நிலையைக் கோப்பாக்கி, காலியான வேறொரு கணினிக்கு அனுப்பிவிடும். விருந்தாளி எங்கிருந்தாலும் கோப்பு கேட்கும்போதெல்லாம் அக்கேள்வி சொந்த வீட்டுக் கணினிக்கே திருப்பப்பட்டு, அங்கிருந்து பதில் வரும். இதற்குக் கொடுத்த விலையும் உண்டு. நிரலைக் காண்டாரின் நூலகத்தோடு இணைத்துத் தயாரிக்க வேண்டும். அது குழந்தை பெறக்கூடாது. பிற நிரல்களோடு நேரடியாகப் பேசக்கூடாது. உறவுகளைத் துறந்த நிரல்களுக்கே கூடு பாயும் வரம் கிடைத்தது எனலாம்.

உறவுகளோடு சேர்த்து நிரலை நகர்த்துவதில் முதல் முட்டுக்கட்டை பெயர்கள். ஒரு நிரல் தன் எண் 1000 என்று நினைவில் வைத்திருக்கிறது. தன் குழந்தையின் எண் 1001 என்றும் அறிந்திருக்கிறது. போய்ச்சேரும் இயந்திரத்தில் 1000 ஏற்கெனவே வேறு யாருக்கோ சொந்தமாயிருந்தால்? 2002இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உருவான ஸாப் என்ற ஆய்வுத் திட்டம் இதற்கு விடை சொன்னது. ஒன்றோடொன்று தொடர்புடைய நிரல்களை ஒரே உறைக்குள் வைத்து, அந்த உறைக்கென்று தனியான எண்களையும் பெயர்களையும் கொடுத்துவிட்டால், வெளியே என்ன எண் புழங்கினாலும் உள்ளே இருப்பவருக்குக் கவலையில்லை. ஊரோடு சேர்த்துக் குடிபெயர்ந்தால் தெருப்பெயர் மாறாது.

இப்படிப்பட்ட உறையைத்தான் பின்னாளில் கன்டெய்னர், கொள்கலன் என்று உலகம் அழைத்தது. 2000இல் வந்த ஃப்ரீபிஎஸ்டி 4.0இல் ‘ஜெயில்’ என்ற பெயரில் ஒரு வடிவம் இருந்தது. லினக்ஸ் உலகில், எஸ்டபிள்யூசாஃப்ட் நிறுவனம் தன் விர்ச்சுவோஸோ மென்பொருளின் அடிப்படையை ஓப்பன்விஇசட் என்ற பெயரில் 2005இல் திறந்த மூலமாக வெளியிட்டது. ஓடும் கொள்கலனை நிறுத்தாமலே வேறோர் இயந்திரத்துக்கு மாற்றும் திறனும் 2006இல் அதில் சேர்ந்தது. ஆனால் அதற்கான பணிகள் அனைத்தும் திருத்தியமைக்கப்பட்ட கெர்னலுக்குள் நடந்தன. லினஸ் டார்வால்ட்ஸ் வெளியிடும் பொதுவான கெர்னலில் அந்தத் திருத்தங்கள் இல்லை. பொதுக் கெர்னலுக்கு, தனித்தனி எண்வரிசை தரும் பெயர்வெளி வசதி 2008 ஜனவரியில் வெளியான 2.6.24 பதிப்பில்தான் வந்தது. கொள்கலனின் சுவர்கள் எழும்பிவிட்டன. சுவருக்குள் இருப்பதைப் பெயர்த்தெடுக்கும் வழிதான் மிச்சம்.

அந்த வழியைக் கெர்னலுக்குள்ளேயே கட்டிமுடிக்க 2008இல் ஒரு குழு இறங்கியது. முன்னின்றவர் ஓரன் லாதான். கொலம்பியாவில் ஸாப் வழிவந்த ஆய்வில் ஈடுபட்டிருந்தவர். ஐபிஎம்மைச் சேர்ந்த செர்ஜ் ஹாலின் போன்றோரும் உடனிருந்தனர். அவர்கள் எண்ணம் தர்க்கரீதியாகச் சரியானது. உறவுகள் பற்றிய எல்லா உண்மைகளும் கெர்னலிடம் இருக்கின்றன. எனவே சேமிக்கவும் மீட்கவும் தகுதியுள்ளதும் கெர்னலே. ஓர் அழைப்பு விடுத்தால் கெர்னல் முழு நிலையையும் எழுதித்தரும். இன்னோர் அழைப்பில் அதைப் படித்து உயிர்ப்பிக்கும். பதிப்பு மேல் பதிப்பாகச் செப்பனிட்டு அனுப்பினார்கள். 2010இல் அந்தத் தொகுப்பு நூறை ஒட்டிய பேட்ச்களாக வளர்ந்திருந்தது. அது வேலையும் செய்தது.

ஆயினும் அது ஏற்கப்படவில்லை. 2010 நவம்பரில் கெர்னல் மாநாட்டை ஒட்டி எழுந்த நீண்ட விவாதத்தைப் படிக்கும்போது, எதிர்த்தவர்களின் அச்சம் நியாயமானது என்றே நமக்குத் தோன்றுகிறது. சேமிக்கும் பணி கெர்னலின் ஒவ்வொரு மூலையையும் தொடுகிறது. கோப்பு முறைமையில் நாளை ஒருவர் ஒரு புதிய வசதியைச் சேர்த்தால், அதைச் சேமிக்கவும் மீட்கவும் வேண்டிய நிரல்வரிகளையும் அவரே எழுத வேண்டியிருக்கும். மறந்தால் ஏதோ ஒரு கொள்கலன் எங்கோ விழித்தெழாது. தவிர, கெர்னலின் உள்ளமைப்பு ஆண்டுதோறும் மாறுகிறது. அந்த உள்ளமைப்பின் படத்தைக் கோப்பாக வெளியே கொடுத்துவிட்டால், பழைய படங்களை என்றென்றும் புரிந்துகொள்ளும் கடமை பின்னால் வரும். ஒரு சிலருக்குத் தேவையான வசதிக்காக எல்லோரும் எக்காலமும் வரி கட்ட வேண்டுமா என்பதே கேள்வி. எதிர்த்துப் பேசியவர்களுள் தேஜுன் ஹோ முக்கியமானவர். சுமார் இரண்டாண்டு உழைப்பு பொதுக் கெர்னலுக்கு வெளியிலேயே நின்றுபோனது.

2011 ஜூலையில் பாவெல் எமெல்யனோவ் வேறொரு யோசனையை முன்வைத்தார். ஓப்பன்விஇசட்டின் கெர்னல் பணிகளில் ஊறியவர் அவர். கெர்னலுக்குள்ளிருந்து இதைச் செய்வதை நன்கு அறிந்தவர். அப்படிப்பட்டவரே, பெரும்பகுதி வேலையைக் கெர்னலுக்கு வெளியே ஒரு சாதாரண நிரலாகச் செய்யலாம் என்றார். கெர்னல் ஏற்கெனவே தன் பேரேடுகளில் பலவற்றைப் ‘ப்ராக்’ என்ற மெய்நிகர் அடைவின் வழியே வெளியே காட்டிக்கொண்டிருக்கிறது. காட்டாதவை எவை? வெளியிலிருந்து மாற்ற முடியாதவை எவை? அவற்றை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, அந்தந்த இடத்தில் ஒரு சிறு சன்னலைத் திறந்துவிடும்படி கேட்டால் போதும். இந்தத் திட்டமே க்ரியு எனப்படுகிறது.

முதல் சன்னல்கள் 2012இல் வெளியான லினக்ஸ் 3.3இல் இடம்பெற்றன. அவற்றைச் சேர்க்கும்போது மூத்த பராமரிப்பாளரான ஆண்ட்ரூ மார்ட்டன் எழுதிய குறிப்பு கெர்னல் உலகில் பிரசித்தமானது. சில பைத்தியக்கார ரஷ்யர்களின் திட்டம் இது என்று கேலியும் பிரியமும் கலந்து அறிமுகப்படுத்திவிட்டு, இது கடைசியில் முழுதாக வேலை செய்யும் என்பதில் அவர்களுக்கிருக்கும் நம்பிக்கை தமக்கில்லை என்றும் வெளிப்படையாகச் சொன்னார். ஆகவே சேர்க்கும் ஒவ்வொரு துண்டையும் தனி அடையாளமிட்ட வேலிக்குள் வைக்கச் சொன்னார். திட்டம் அழுகையில் முடிந்தால், வேலிக்குள்ளிருப்பதை அடையாளமின்றி அகற்றிவிடலாம். நம்பிக்கையில்லாமலே இடம் கொடுத்த இந்தப் பெருந்தன்மைக்குக் காரணம், கேட்கப்பட்ட இடம் அவ்வளவு சிறியது என்பதே.

இனி அந்த நிரல் எப்படிக் கூடு பாய்கிறது என்று பார்ப்போம். க்ரியு முதலில் கொள்கலனிலுள்ள எல்லா நிரல்களையும் அசையாமல் நிறுத்துகிறது. வெளியிலிருந்து தெரிந்துகொள்ளக் கூடியவற்றை ப்ராக் அடைவில் படித்துக்கொள்கிறது. சில விவரங்களை மட்டும், கேட்பது அந்த நிரலேயானால்தான் கெர்னல் சொல்லும். அதற்காக உறைந்திருக்கும் நிரலின் நினைவகத்துக்குள் ஒரு சிறு துணுக்கை நுழைத்து, நிரலின் குரலிலேயே கெர்னலிடம் கேட்க வைக்கிறார்கள். இத்துணுக்கின் பெயர் ஒட்டுண்ணி. வேலை முடிந்ததும் ஒட்டுண்ணியை நீக்கிவிடுகிறார்கள்; அதற்குப் பெயர் குணப்படுத்தல். பிற நிரலை அதற்குத் தெரியாமல் பிடித்து நிறுத்தும் புதிய வசதியை 2011இல் கெர்னலில் எழுதியவரும், ஒட்டுண்ணி உத்திக்கு வழிகாட்டியவரும், முந்தைய விவாதத்தில் எதிரணியில் நின்ற அதே தேஜுன் ஹோதான் என்பது இவ்வரலாற்றின் இனிய செய்திகளுள் ஒன்று.

ஒரு நிரலின் மூன்றாம் எண் கோப்பும் இன்னொரு நிரலின் ஐந்தாம் எண் கோப்பும் ஒரே திறப்பைக் குறிக்கின்றனவா, அல்லது ஒரே கோப்பின் இரு வேறு திறப்புகளா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். தவறாக ஊகித்தால், மீண்டெழுந்த பின் ஒன்று படிக்கும்போது மற்றதன் இடம் நகராமல் போகும். இதற்காக ‘கேசிஎம்பி’ என்றோர் அழைப்பு லினக்ஸ் 3.5இல் சேர்ந்தது. இவை இரண்டும் உள்ளே ஒன்றா என்ற கேள்விக்கு மட்டும் அது பதில் சொல்லும்.

அதே பதிப்பில்தான் வலையிணைப்பைப் பழுதுபார்க்கும் நிலையும் வந்தது. டிசிபி இணைப்பில் இரு முனைகளும் அனுப்பிய, பெற்ற பைட்டுகளை வரிசை எண்களால் கணக்கு வைக்கின்றன. மீட்கப்பட்ட முனை சரியான எண்ணிலிருந்து பேசாவிட்டால் மறுமுனை சந்தேகப்பட்டு இணைப்பை முறித்துவிடும். பழுதுபார்க்கும் நிலையில் வைத்த இணைப்பின் எண்களை வெளியிலிருந்து படிக்கலாம், எழுதலாம். அதை மூடினாலும் கெர்னல் மறுமுனைக்கு விடைபெறும் செய்தியை அனுப்பாது. இடைப்பட்ட நேரத்தில் வரும் பொட்டலங்களைத் தீச்சுவர் தடுத்துவைக்கும். மறுமுனையைப் பொறுத்தவரை, எதிராளி சற்று நேரம் மௌனமாயிருந்தார், அவ்வளவே.

உயிர்ப்பிக்கும் கட்டம் இன்னும் விசித்திரமானது. பழைய எண்ணோடே நிரல் பிறக்க வேண்டும். தொடக்கத்தில் ‘கடைசியாகக் கொடுத்த எண் 999’ என்று கெர்னலிடம் எழுதிவைத்து, அடுத்த கணமே ஒரு குழந்தையைப் பிறப்பிப்பார்கள். இடையில் வேறெவரும் புகாவிட்டால் அதற்கு 1000 கிடைக்கும். இந்த எண்தான் வேண்டும் என்று நேராகக் கேட்கும் உரிமை 2020 ஜனவரியில், லினக்ஸ் 5.5இல்தான் வந்தது. பிறகு அந்தக் குழந்தை தன் நினைவகத்தையெல்லாம் துறந்து பழைய நிரலின் நினைவகத்தை அணிய வேண்டும். தன்னை அழிக்கும் வேலையைச் செய்யும் வரிகளும் அந்த நினைவகத்தில்தானே இருக்கின்றன? ஆகவே பழையதும் புதியதும் பயன்படுத்தாத ஒரு வெற்றிடத்தைத் தேடி, ஒரு சிறு துணுக்கை அங்கே வைக்கிறார்கள். அது மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பழைய பக்கங்களை உரிய இடங்களில் பொருத்தி, கடைசியாகப் பதிவேடுகளின் மதிப்புகளை ஏற்றும் ஓர் அழைப்பை விடுக்கிறது. அந்த அழைப்பிலிருந்து க்ரியு திரும்புவதில்லை. அடுத்த கட்டளையை நிறைவேற்றுவது, உறைந்த கணத்தில் நின்றிருந்த அந்தப் பழைய நிரல்.

காலமும் ஓர் உறவுதான். இயந்திரம் இயங்கத் தொடங்கியதிலிருந்து கணக்கிடும், ஒருபோதும் பின்னோக்கிச் செல்லாத கடிகாரத்தைப் பல நிரல்கள் நம்பியிருக்கின்றன. நூறு நாள் ஓடிய இயந்திரத்திலிருந்து நேற்றுத் தொடங்கிய இயந்திரத்துக்கு மாறினால் அந்தக் கடிகாரம் திடீரெனப் பின்வாங்கும். கொள்கலனுக்கென்று தனிக் கடிகாரக் கணக்கு வைத்துக்கொள்ளும் பெயர்வெளி, ஆண்ட்ரே வாகின், டிமிட்ரி சஃபோனோவ் ஆகியோரின் முயற்சியால் 2020 மார்ச்சில் லினக்ஸ் 5.6இல் இடம்பெற்றது.

க்ரியுவின் 1.0 பதிப்பு 2013 நவம்பரில் வெளிவந்தது. 2017இல் டாக்கர் 1.13இல் இது சோதனை வசதியாகச் சேர்ந்தது. தன் தரவு மையங்களில் முன்னுரிமை குறைந்த பணிகளைக் கொன்று வெளியேற்றுவதற்குப் பதிலாக இம்முறையில் இடம் மாற்றுவதை 2018இல் கூகிள் பொறியாளர்கள் விவரித்தார்கள். காண்டாரின் விருந்தாளி, முப்பதாண்டு கழித்து, குடும்பத்தோடு இடம் மாறக் கற்றுக்கொண்டிருந்தார். 2022இல் குபர்நெட்டீஸ் 1.25, சந்தேகத்துக்குரிய கொள்கலனை அது அறியாமலே படமெடுத்து, வேறிடத்தில் வைத்துத் துப்பறியும் வசதியைச் சோதனை நிலையில் அறிமுகம் செய்தது.

வரம் என்றால் நிபந்தனையும் உண்டு. படத்தோடு கோப்புகள் பயணிப்பதில்லை. போய்ச்சேரும் இடத்தில் அதே கோப்புகள் தயாராயிருக்க வேண்டும். பழைய செயலியின் கட்டளைகளைப் புதிய செயலியும் அறிந்திருக்க வேண்டும். இவற்றைவிடக் கவனிக்க வேண்டிய ஆபத்து வேறு. நிரல் உறைந்த கணத்தில் அதன் நினைவகத்திலிருந்த கடவுச்சொற்களும் மறைகுறிச் சாவிகளும் படத்தில் அப்படியே இருக்கும். அந்தக் கோப்பு யார் கையில் கிடைத்தாலும் ரகசியம் அவருடையது. மேலும், ஒரே படத்தை இருமுறை உயிர்ப்பித்தால் இரு நிரல்கள் எழும். அடுத்துத் தேர்ந்தெடுக்கப் போகும் தற்செயல் எண்ணுக்கான வித்து நினைவகத்தில் இருந்தால், இருவரும் ஒரே எண்ணைத் தேர்வார்கள். கதைகளில் சித்தர் ஒருவர் இரண்டு கூடுகளில் ஒரே நேரத்தில் புகுவதில்லை. இங்கே அதற்குத் தடையில்லை. எனவே யார் செய்யலாம் என்ற கட்டுப்பாடு முக்கியமாகிறது. ரூட் எனப்படும் முழு அதிகாரத்தைக் கொடுக்காமல் இப்பணிக்கு மட்டும் அனுமதி தரும் தனி உரிமை ஒன்று 2020 அக்டோபரில் வெளியான லினக்ஸ் 5.9இல் ஏற்பட்டது.

நிராகரிக்கப்பட்ட முயற்சியையும் வென்ற முயற்சியையும் இப்போது அருகருகே வைத்துப் பார்க்கலாம். இரண்டின் இலக்கும் ஒன்றே. அறிவிலும் உழைப்பிலும் முன்னது குறைந்ததில்லை. அது தனக்கென்று ஒரு மாளிகையைக் கேட்டது. அதன் பராமரிப்பு வீட்டிலுள்ள எல்லோர் தலையிலும் விழுந்திருக்கும். பின்னது, பராமரிப்புச் சுமையைத் தானே வெளியே சுமந்துகொண்டு, தெரிந்ததைச் சொல்லும்படியும் சொல்வதை ஏற்கும்படியும் மட்டுமே கெர்னலைக் கேட்டது. அப்படித் திறந்த சன்னல்களின் வழியே வேறு சிலரும் எட்டிப்பார்க்கத் தொடங்கினார்கள். இரு கோப்பு எண்கள் உள்ளே ஒன்றா என்று சொல்லும் கேசிஎம்பி அழைப்பு, வரைகலை மென்பொருள்களுக்கும் தேவைப்பட்டது. 2021இல் லினக்ஸ் 5.12 வெளிவந்தபோது அந்த அழைப்பை ஆண்ட்ரூ மார்ட்டன் போடச்சொன்ன வேலிக்கு வெளியே எடுத்து, பொதுவில் வைத்தார்கள். ஒருநாள் சுவடின்றி அகற்றிவிட வசதியாக எழுப்பிய அந்த வேலிக்குள்தான் மற்றச் சன்னல்கள் பல இன்னும் இருக்கின்றன. அகற்றும் பேச்சை இப்போது யாரும் எடுப்பதில்லை.